கச்சாங் மாமாவைத் தூங்க வைத்த கதை

குழந்தைகளுக்கு எழுதுவது சுலபம் என்று நினைத்துத்தான் நீங்களெல்லாம் இந்தப் பக்கம் வந்திருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், நானும் அப்படித்தான் வந்தேன். பெரியவர்களுக்காக நான் எழுதிய ஒரே நாவலை மொத்தம் மூன்று பேர் படித்தார்கள். ஒருவர் அச்சுக் கோத்தவர். அவருக்கு வேறு வழியில்லை. இன்னொருவர் பிழை திருத்தியவர். மூன்றாவது ஆள் நான். சரி, சின்னப் பிள்ளைகள் எதைக் கொடுத்தாலும் படிக்கும் என்று முடிவு செய்து திரும்பி நின்றேன்.

என் அனுபவத்தை எழுதித் தரும்படி ஏழு பேர் சேர்ந்து வந்து கேட்டீர்கள். அந்த ஏழு பேரில் என் புத்தகத்தைப் படித்தவர்கள் இரண்டு பேர் என்பதை டீ குடித்து முடிப்பதற்குள் தெரிந்துகொண்டேன். பரவாயில்லை. சிறுவர்களுக்காக இருபத்தாறு புத்தகங்கள் எழுதினேன். அவற்றில் இருபத்தைந்து நல்ல புத்தகங்கள். அவை யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை. அதனால் யாருக்கும் அவை ஞாபகமும் இல்லை. மீதி ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் எனக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதும் கிராணி. பகலெல்லாம் அரிசி, கடலை, வெங்காயம் என்று எண்ணுவேன். சாயங்காலம் பஸ் பிடித்து, எங்கள் தமிழர் கடைத்தெருவான தேக்காவில் இறங்கி, என் அறைக்கு வந்து, நரிகளைப் பற்றி எழுதுவேன். என் முதல் சிறுவர் புத்தகத்தில் ஐந்து நரி, ஒரு காட்டாறு, ஒன்பது பனைமரம், இரண்டு மாட்டுவண்டி. இந்தியாவிலிருந்து கப்பலில் வரும் புத்தகங்களில் அவை இருந்தன. அதனால் என் புத்தகத்திலும் இருந்தன.

தேக்காவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளியில் போய் அதைப் படித்துக் காட்டினேன். நாலாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முதல் கதை முடிவதற்குள் பதினான்கு கொட்டாவிகளை எண்ணினேன். கடைசியில் ஒரு பையன் கை தூக்கினான்.

"சார், காட்டாறுன்னா நம்ம ரோச்சோர் கால்வாய் மாதிரியா?"

"ஆமாம், அதைவிடப் பெரிசு."

"அப்ப ரொம்ப நாறுமே சார்!"

வகுப்பே சிரித்தது. அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்த ஒரே சிரிப்பு அது. அதையும் அவன்தான் சம்பாதித்தான்.

பள்ளித் தலைமையாசிரியை கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் எங்கிருந்தாவது சிவப்புப் பேனாவோடு வந்துவிடுவார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

"நரியைப் பார்த்திருக்கீங்களா சார்?"

"இல்லை டீச்சர்."

"பனைமரம்?"

நான் பிறந்தது இந்தத் தீவிலேயே, ரேஸ்கோர்ஸ் ரோட்டில். கப்பலை எண்ணியிருக்கிறேனே தவிர ஏறியதில்லை.

"கண்ணால பார்த்ததை எழுதிப் பாருங்களேன். பிள்ளைங்க பிழைச்சுப் போகும்."

அருமையான யோசனை. நல்ல யோசனையைக் கெட்டிக்காரர்கள் ஏற்றுக்கொள்வார்கள். என்னைப் போன்றவர்கள் அப்படியே செய்துவிடுவார்கள். மறு நிமிடமே கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். பள்ளி வாசலில் கண்ணுக்கு முதலில் பட்டவர் ஒரு கச்சாங் பூத்தே விற்பவர். வறுத்த கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு என்று ஒரு பெரிய மரத்தட்டில் அடுக்கித் தலையில் சுமந்து வந்து, காகிதப் பொட்டலத்தில் போட்டுத் தருவார். பச்சைத் தலைப்பாகை, கன்னத்தில் ஒரு மரு. அன்று தட்டை முக்காலியில் இறக்கி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு காகம் தட்டின் விளிம்பில் வந்து உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தது.

பத்து நாளில் புத்தகம் தயார். தூங்குமூஞ்சிக் கச்சாங் மாமா ஒவ்வோர் ஊராகப் போய்த் தூங்குவார். காகம், பூனை, குரங்கு என்று முறை வைத்து வந்து தின்றுவிட்டுப் போகும். கடைசிப் பக்கத்தில் சோம்பல் கூடாது என்று நீதி. அந்த மனிதர் தூங்கி நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. தொழில்முறையில் எண்ணத் தெரிந்தவன் நான். ஒன்றைப் பார்த்து இருபத்திரண்டு பக்கத்துக்குப் பெருக்கிவிட்டேன். படம் போட்டவர் கெட்டிக்காரர். பள்ளி வாசலுக்கே போய் ஆளைப் பார்த்துவிட்டு வந்து வரைந்தார். மரு கூட இடம் மாறவில்லை.

கதைக்கு நடுவே பிள்ளைகளின் பேச்சிலேயே ஒரு பாட்டு வைத்தேன்.

தலையில தட்டு, கண்ணுல தூக்கம்,
கடலைய எல்லாம் காக்கா தூக்கும்!
கச்சாங் மாமா, கச்சாங் மாமா,
கண்ணத் தொறங்க கச்சாங் மாமா!

புத்தகம் வந்த மூன்றாம் வாரம், தேக்காவில் ஒன்பது இடங்களில் அந்தப் பாட்டு என் காதில் விழுந்தது. எருமைகள் மட்டும்தான் பாடவில்லை என்று எண்ணும் அளவுக்கு எனக்குத் தலை கனத்திருந்தது. அச்சகத்துக்காரர் இரண்டாம் பதிப்புக்குக் காகிதம் வாங்கிவிட்டார். தலைமையாசிரியை "சனிக்கிழமை வந்து பார்க்கவும்" என்று ஒரு சீட்டு அனுப்பினார். பாராட்டுக் கூட்டம் என்று நினைத்தேன். முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பையில் நான்கு நிமிடப் பேச்சு ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு போனேன்.

அவர் அறையில் மாலையைக் காணோம். வருகைப் பதிவேட்டைத் திறந்து என் முன்னால் தள்ளினார். ஒரு வரிசையில் மட்டும் தொடர்ந்து பதினோரு நாள் 'வரவில்லை'.

"இது யாரு தெரியுமா? சொர்ணம். நாலாம் வகுப்புல முதல் பொண்ணு. கச்சாங் மாமாவோட மக."

நான் அந்தப் பதினொன்றை இன்னொரு முறை எண்ணினேன்.

"வகுப்புக்குள்ள வந்தா பாட்டு. பெஞ்சுல உக்காந்தா பாட்டு. நான் அடிச்சுப் பார்த்துட்டேன் சார். கை வலிச்சதுதான் மிச்சம். அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்லை. பகல் பூரா ரூம்ல தனியா இருக்கு. பொம்பளப்பிள்ளையை இப்படி விட முடியாதுன்னு அவங்கப்பா ஊருல தங்கச்சி வீட்டுக்கு அனுப்பப் போறாராம். டெக் டிக்கெட் சொல்லியாச்சு. இருபது நாள்ல கப்பல்."

"நான் பேரே போடலையே டீச்சர்!"

"பேர் போடலைன்னா யாருன்னு தெரியாதா சார்? இந்தத் தேக்காவுல பச்சைத் தலைப்பாவும் மருவும் வச்சுக்கிட்டு எத்தனை பேர் கச்சாங் விக்கிறாங்க, எண்ணிச் சொல்லுங்களேன்."

எண்ணிக்கையில் என்னை மடக்கிய ஒரே ஆள் அவர்தான். நான்கு நிமிடப் பேச்சு சட்டைப் பையில் கனத்தது.

அன்று மதியமே அச்சகத்துக்குப் போய் இரண்டாம் பதிப்பை நிறுத்தச் சொன்னேன். அச்சகத்துக்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணே, உங்க புத்தகம் ரெண்டாந்தடவை அச்சாகுறதை என்னாலயே நம்ப முடியலை. இதைப் போய் நிறுத்துறேங்கிறீங்களே, உடம்பு கிடம்பு சரியில்லையா? பிள்ளைங்கன்னா கேலி பண்ணத்தான் செய்யும் லா. நாலு நாள்ல மறந்துடும்."

எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். இந்த நேரத்தில்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய உருப்படியான விஷயம் ஒன்று வருகிறது. புத்தகத்தை நிறுத்தலாம், கடைகளில் போய்த் திருப்பி வாங்கலாம், குப்பையில் போடலாம். பிள்ளைகள் வாய்க்குப் போன பாட்டை எந்தக் கடையில் போய்த் திருப்பி வாங்குவது? பெரியவர்களுக்கு எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் எழுதியதை யாரும் தெருவில் பாடிக்கொண்டு போவதில்லை.

ஆகவே எழுத்தாளன் என்ன செய்வானோ அதைச் செய்தேன், மேலும் எழுதினேன். உழைப்பின் பெருமை, கடலையின் சத்து, தந்தை மகள் பாசம் என்று எட்டுப் பாட்டு. பதினைந்து நாள் ஆயிற்று. தலைமையாசிரியை பொறுமையாக எட்டையும் வகுப்பில் பாடவைத்தார். பிள்ளைகள் ராகம் தவறாமல் பாடினார்கள். மணி அடித்ததும் வாசலுக்கு ஓடிப் பழைய பாட்டையே பாடினார்கள். எட்டுப் பாட்டில் ஒன்றுகூடச் சாலையைத் தாண்டவில்லை.

மீதி ஐந்து நாள். எங்கள் துறைமுகத்துக் கரும்பலகையில் அந்தக் கப்பலின் பெயரைச் சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை புறப்பாடு. அதன் சரக்கை எண்ணும் முறையும் எனக்கே விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் அறைக்குப் போனேன். எருமைச் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடி, பதினேழு படி. அறை முழுக்கச் சுளகுகளில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. ஓரமாக உட்கார்ந்து அந்தப் பெண் காகிதப் பொட்டலம் சுருட்டிக்கொண்டிருந்தாள். பத்து வயதிருக்கும். குனிந்து பார்த்தேன். என் புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எட்டாம் பக்கம் முடிந்து ஒன்பதுக்கு வந்திருந்தாள். அவ்வளவு ஒழுங்காக என் புத்தகத்தை வரிசைப்படி யாரும் படித்ததுகூட இல்லை.

கச்சாங் மாமா எழுந்து மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"வாங்க கிராணியாரே. உக்காருங்க. கீழ போய்க் கோப்பி சொல்லிட்டு வரவா?"

"வேண்டாம். நான்தான் அந்தப் புத்தகம் எழுதினது."

"தெரியும். டீச்சரம்மா சொன்னாங்க. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பாட்டு மட்டுந்தான் காதுல விழுந்துச்சு. கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன், என்னதான் எழுதியிருக்கீங்கன்னு கேட்டுக்கிறேன்."

தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் பெரிய பெரிய மண்டபங்களில் படித்துக் காட்டுவதாகக் கேள்விப்படுகிறேன். உங்கள் கதையில் வரும் ஆளுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முறை படித்துப் பாருங்கள். என் கையில் இருந்த பிரதியை எடுத்து இருபத்திரண்டு பக்கத்தையும் படித்தேன். மேடையில் ஆறு நிமிடத்தில் முடிகிற கதை. அன்று முடியவே இல்லை. குரங்கு வரும் இடத்தில் நானே நான்கு வரிகளைத் தாண்டினேன். பொட்டலம் சுருட்டிக்கொண்டே அந்தப் பெண், "நடுவுல விட்டுட்டீங்க" என்றாள். திரும்பப் போய்ப் படித்தேன்.

முடிந்ததும் அவர் சிறிது நேரம் கடலையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. அன்னைக்குத் தூங்கினது நெசந்தான். காலையில மூணு மணிக்கு எந்திரிச்சு வறுக்கிறது. உச்சி வெயில்ல கண்ணு சொக்கிடும். ஆனா காக்கா தின்னலை கிராணியாரே. கண்ணு மூடியிருந்தாலும் கை தட்டு மேலதான் இருக்கும். நீங்க அதைப் பார்க்கலை போல."

பார்க்கவில்லை. மருவைப் பார்த்திருக்கிறேன், தலைப்பாகையைப் பார்த்திருக்கிறேன், திறந்த வாயைப் பார்த்திருக்கிறேன். கையைப் பார்க்கவில்லை.

"என்னைப் பாடினா எனக்கு ஒண்ணுமில்லை. பாடுற பிள்ளைங்கதான் கச்சாங்கும் வாங்குது. இவதான் தாங்க மாட்டேங்குறா. சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன். அதான் ஊருக்கு..." என்று நிறுத்திக்கொண்டார்.

"நான் போக மாட்டேன்" என்றாள் சொர்ணம், காகிதத்தைப் பார்த்தபடி.

"அப்ப பள்ளிக்கூடம் போ."

"அங்கயும் போக மாட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க தூங்கவே மாட்டீங்களா?"

"தூங்குவேனே."

"வேலை செய்யிற எடத்துல?"

இந்தக் கேள்வியை என் மேலதிகாரி கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். அவள் பார்த்த பார்வையில் பொய் வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் கடலை மூட்டை எண்ணும்போது நின்றபடியே கண் அயர்ந்ததையும், விழித்தபோது பன்னிரண்டு மூட்டை கணக்கில் இடித்ததையும், எல்லாவற்றையும் மறுபடி இறக்கி எண்ணவைத்துக் கூலியாட்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொன்னேன். அவள் அப்பாவிடம் இருந்து ஒரு சின்னச் செருமல் வந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

அவள் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். உதடு அசைந்தது. மொத்தம் ஒரு நிமிடம் இருக்காது.

"கையில பேனா, கண்ணுல தூக்கம், மூட்டைய எல்லாம் காக்கா தூக்கும். கிராணி மாமா, கிராணி மாமா, கண்ணத் தொறங்க கிராணி மாமா."

பதினைந்து நாள், எட்டுப் பாட்டு எழுதியவன் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க பள்ளிக்கூடத்துல வந்து இதைப் பாடணும். மூட்டைக் கதையையும் சொல்லணும். எல்லா வகுப்புக்கும்."

"சொல்லலாம். யாரோ ஒரு கிராணி என்று பொதுவாக..."

"நீங்கன்னு சொல்லணும்."

"சொன்னால் நீ பள்ளிக்கூடம் வருவாயா?"

"அவங்க எதைப் பாடுறாங்கன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

கப்பல் கம்பெனி முதலாளிகளோடு பேரம் பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் இந்த அழுத்தம் இல்லை.

திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். அதைவிடச் சொந்தமான வேலை எனக்கு அமைந்ததில்லை. அந்தப் பள்ளி மதியம் தொடங்கி மாலை ஆறு மணிக்கு விடும். இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகளைத் திடலில் நிறுத்தியிருந்தார்கள். இருநூற்றுப் பதினைந்தாவது பிள்ளை வரவில்லை. கச்சாங் மாமா கதை பொய் என்றேன். அவர் கை தட்டின் மேல்தான் இருந்தது, நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்றேன். தூங்கியது இன்னொரு ஆள் என்று சொல்லி, என்னையே காட்டி, நின்றுகொண்டே எப்படித் தூங்கினேன் என்று தூங்கியும் காட்டினேன். பிறகு பாட்டு.

நான்கு விநாடி சத்தமே இல்லை. எண்ணினேன், வேறென்ன செய்வது? அதற்குப் பிறகு வந்த சத்தத்தில் திடலோரத்து மரத்திலிருந்த மைனாக்கள் எல்லாம் பறந்தன. பிள்ளைகளுக்கு வாசலில் உள்ள ஆளைவிட, கண்ணாடியும் நீள மூக்குமாக மேடையில் நிற்கிற ஆள் இன்னும் ருசி. தலைமையாசிரியை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றார். அவர் என்னைப் பாராட்டியதாக நான் எடுத்துக்கொண்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஆறு பிள்ளைகள் பின்னால் பாடிக்கொண்டு வந்தார்கள். அதில் சொர்ணம் இல்லை. புதன்கிழமை பதினொரு பேர். அதிலும் இல்லை. அன்று துறைமுகத்துக்கும் பாட்டு வந்து சேர்ந்துவிட்டது. கிரேன் ஓட்டுகிறவர் மேலே இருந்து பாடினார், கீழே கூலியாட்கள் மூட்டையோடு தாளம் போட்டார்கள். என் மேலதிகாரி மொழி தெரியாமல், நல்ல பாட்டு என்றார். நான் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, யாரையும் கேலி செய்து எழுதக் கூடாது என்று குறிப்பு எடுத்துக்கொள்ளாதீர்கள். தாராளமாகக் கேலி செய்யுங்கள். பிள்ளைகளுக்கு அது சோறு மாதிரி. யாராவது ஒரு முட்டாள் கதைக்கு வேண்டியிருந்தால், முதலில் எழுதுகிற ஆளை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அளவு சரியாகவே இருக்கும். இதை நான் புத்திசாலித்தனத்தால் கண்டுபிடிக்கவில்லை. பத்து வயதுப் பெண் கட்டளை போட்டுச் செய்தேன். பிறகு கிராணி மாமா கதையாக மாற்றி எழுதிய இரண்டாம் பதிப்புக்குப் படங்களையும் மாற்றி வரையச் சொன்னபோது, அந்த ஓவியர் என் மூக்குக்கு மட்டும் ஐந்து விதமான படம் போட்டுக் காட்டினார். ஐந்தும் நன்றாக இருந்தன.

வியாழக்கிழமை. பஸ் தாமதம், ஆறே கால் ஆகிவிட்டது. சிராங்கூன் சாலையில் இறங்கிக் குடையை ஊன்றிக்கொண்டு நடந்தேன். பின்னால் பாட்டு தொடங்கியது. கூட்டம் பெரிது, காலடிச் சத்தத்தை வைத்து எண்ண முடியவில்லை. கிராணி மாமா, கிராணி மாமா. நானும் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். நான்கு வரி முடிந்து மற்றவர்கள் மூச்சு வாங்கும்போது, ஒரு குரல் மட்டும் தனியாகப் போயிற்று.

குடைய ஊணி நடக்கும் போதும்
கொறட்டை விடும் கிராணி மாமா!

இந்த வரி எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இது இல்லை. திரும்பிப் பார்த்தால் சிட்டாகப் பறந்துவிடுவார்கள் என்று திரும்பவில்லை. தையற்கடை வாசலில் ஓர் ஆள் உயரக் கண்ணாடி சாத்தியிருந்தது. அதற்கு நேரே வந்ததும் கடைக்கண்ணால் பார்த்தேன். கூட்டத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையுமாக, புத்தகப் பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, வாய்க்கு இரு பக்கமும் கையைக் குவித்தபடி சொர்ணம் வந்துகொண்டிருந்தாள்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். உரக்க ஒரு குறட்டை விட்டேன். அப்படியே ஏழு அடி நடந்தேன். எட்டாவது அடியில் தையற்காரரின் சட்டைத் தாங்கியில் மோதினேன். அவர் என்னைத் திட்டியது பாதிதான் காதில் விழுந்தது. பின்னால் அவ்வளவு சிரிப்பு.